மறு: 'உறுதிப்படுத்தல் விசாரணை'க்கு வேறு சொல்

> 'உறுதிப்படுத்தல் விசாரணை' என்றே இருக்கட்டுமே. படித்தால் புரிகிறதே.

ஐயா, புரிகிறது. ஆனால் தவறாகப் புரிகிறது என்பதுதான் என் கவலை.

அமெரிக்க அதிபர் ஒருவரை அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பதவிக்கு முன்மொழிகிறார். செனட்டின் நீதித்துறைக் குழு அவரை எதிரே அமர்த்தி, உறுதிமொழி வாங்கிக்கொண்டு, ஊரறியக் கேள்வி கேட்கிறது. ஆங்கிலத்தில் 'confirmation hearing' எனப்படும் இதை 'விசாரணை' என்றால் அவர் ஏதோ குற்றத்தில் மாட்டிக்கொண்டவர் போல ஆகிவிடுகிறது. 'உறுதிப்படுத்தல்' அதைவிட மோசம். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, செனட் முத்திரை மட்டும் குத்துகிறது என்ற தொனி அதில் இருக்கிறது. 1925-இல் அதிபர் கூலிட்ஜ் இதே பதவிக்கு முன்மொழிந்த சார்லஸ் வாரனை செனட் இரண்டு முறை நிராகரித்தது. சர்க்கரை நிறுவனங்களோடு அவருக்கு இருந்த தொடர்புதான் உறுத்தல். ஏகபோக நிறுவனங்கள் மீது வழக்குப் போட வேண்டிய பதவி அல்லவா அது!

அமெரிக்க அரசமைப்பின் 2-ஆவது பிரிவு செனட்டின் 'ஆலோசனையும் இசைவும்' வேண்டும் என்கிறது. ஆகவே முதல் பாதிக்கு 'இசைவு' போதும். இசையலாம், இசையாமலும் போகலாம்.

இரண்டாம் பாதிக்கு வந்த 'நேர்காணல்' என்ற பரிந்துரை எனக்குச் சரிப்படவில்லை, அது வேலைக்கு ஆள் எடுப்பது. 'அமர்வு' என்றால் உட்கார்ந்தார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. நான் 'கேட்பு' என்கிறேன். தமிழில் 'கேள்' என்ற ஒரே வினை மூன்று வேலை செய்கிறது: காதால் கேட்பது, கேள்வி கேட்பது, வேண்டும் என்று கேட்பது. அந்த அறையில் மூன்றும் நடக்கின்றன. 1973-இல் எலியட் ரிச்சர்ட்சன் இதே பதவிக்கு முன்மொழியப்பட்டு வந்தபோது, அதிபர் நிக்சன் தரப்பு சிக்கியிருந்த வாட்டர்கேட் விவகாரத்துக்குத் தனி வழக்குரைஞரை நியமித்து அவருக்குச் சுதந்திரம் தர வேண்டும் என்று செனட்டர்கள் கேட்டார்கள். அவர் வாக்குக் கொடுத்தார், பதவி கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த வழக்குரைஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி நிக்சன் சொன்னதும், மாட்டேன் என்று பதவி விலகினார். செனட் கேட்டு வாங்கிய வாக்குக்கு அவ்வளவு கனம் இருந்தது. 'விசாரணை' என்ற சொல்லில் இந்தப் பக்கம் வரவே வராது.

ஆக, என் பரிந்துரை: இசைவுக் கேட்பு.

> இசைவைக் கேட்பது என்றும் படிக்கலாமே?

படிக்கலாம். அதிபர் செனட்டிடம் இசைவு கேட்கத்தானே செய்கிறார், அதனால் கெடுதல் இல்லை. குழப்பம் வரும் என்று தோன்றினால் கட்டுரையில் முதல் தடவை மட்டும் 'இசைவுக்கான கேட்பு' என்று விரித்து எழுதலாம்.

அப்புறம், அந்த நபரை 'நியமிக்கப்பட்டவர்' என்று எழுத வேண்டாம், இன்னும் நியமனமே ஆகவில்லை. 'முன்மொழிவாளர்' என்றால் முன்மொழிந்தவர் ஆகிவிடும். நீளமானாலும் 'முன்மொழியப்பட்டவர்' சரி.

பதவிப் பெயருக்கு இலங்கை வழக்கான 'சட்டமா அதிபர்' எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே நாட்டுத் தலைவர் 'ஜனாதிபதி' என்பதால் சிக்கலில்லை. தமிழ்நாட்டு வழக்கில் எழுதினால் 'அதிபர் சட்டமா அதிபரை முன்மொழிந்தார்' என்று வந்து நிற்கும். அதைத் தனி இழையில் பேசுவோம். இந்தியாவில் அரசமைப்பின் 76-ஆவது பிரிவின்படி அட்டர்னி ஜெனரலைக் குடியரசுத் தலைவரே நியமிக்கிறார், நாடாளுமன்றம் இப்படி யாரையும் அழைத்துக் கேட்பதில்லை. நமக்கு இதுவரை ஒரு சொல் தேவைப்படாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'முன்மொழியப்பட்டவரின் இசைவுக் கேட்பு இரண்டு நாள் நடந்தது, குழு இன்னும் வாக்களிக்கவில்லை.' எங்காவது இடறினால் எழுதுங்கள்.