திருகோணமலையில் அரை நாள் கரை: நீச்சல் தெரியாதவன் பவளப்பாறை பார்க்க முடியுமா?

ராயபுரத்து அப்பா:
வரும் ஆகஸ்டில் நான், மனைவி, ஆறாம் வகுப்புப் பையன் மூவரும் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி இலங்கை போகிறோம். திருகோணமலையில் காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொள்வார்களாம். கரைச் சுற்றுலா இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஒன்று கோணேசர் கோயில், இன்னொன்று புறாத்தீவில் ஸ்நார்க்லிங், அதாவது கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டி, முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்தபடி பவளப்பாறையும் மீனும் பார்ப்பது. மனைவி கோயில் என்கிறாள், பையன் மீன் என்கிறான்.

என் பிரச்சினை வேறு. கல்மண்டபத்தில் பிறந்தவன், கப்பல் சங்கு கேட்டே தூங்கினவன், ஆனால் நீச்சல் தெரியாது. ஆபீசில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நம் பக்கம் கடல் என்றால் கொட்டிவைத்த கருங்கல்லும் அதில் மோதும் அலையும்தானே, எங்கே இறங்குவது? சோடாபுட்டிக் கண்ணாடி வேறு. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதும் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

காசிமேட்டு மீசை:
2023 ஜூனில் இங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் விட ஆரம்பித்தார்களே, அந்த ஆகஸ்டில் நான் போனேன். மாதம் சரியான மாதம். அந்தப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் நம்மூர் மாதிரியே கலங்கிவிடும்.

நீச்சலை விடுங்கள், மூச்சைப் பழகுங்கள். மூக்கை மூடிக்கொண்டு வாயால் மட்டும் மூச்சுவிட மனசு லேசில் ஒத்துக்கொள்ளாது. முகம் தண்ணீரில் பட்டதும் நெஞ்சு படபடக்கும், காலை உதைப்போம், குழாயில் தண்ணீர் ஏறும். எனக்கு முதல் பத்து நிமிடம் இதிலேயே போனது. இத்தனைக்கும் நான் நீந்துவேன்.

சிரிக்காதீர்கள், வீட்டில் பிரியாணி அண்டா இருக்கும் அல்லவா? அதில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க்கும் குழாயும் போட்டு, முகத்தை வைத்து ஐந்து நிமிடம் சும்மா மூச்சுவிடுங்கள். தினமும். குழாயில் தண்ணீர் வந்தால் 'பூ' என்று ஒரே ஊது, வெளியே போய்விடும். பையனையும் பழக்குங்கள்.

மாஸ்க்கை இங்கேயே வாங்கிவிடுங்கள். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள், கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்கு ஏற்றது. அங்கே எனக்குக் கொடுத்தது எத்தனை பேர் போட்டதோ, ரப்பர் விறைத்துப்போய் மீசை வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. கூட வந்த வெள்ளைக்காரர் வாசலைன் கொடுத்தார், மீசையில் அப்பிக்கொண்டேன். பனி பிடிக்காமல் இருக்க உள்கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து ஒரு அலசு. அவ்வளவுதான்.

கணக்கையும் சொல்கிறேன். துறைமுகத்திலிருந்து நிலாவெளி சுமார் 15 கிலோமீட்டர், அங்கிருந்து புறாத்தீவுக்குப் படகில் சின்னப் பயணம். இறங்கு, ஏறு, டிக்கெட், வரிசை எல்லாம் போகத் தண்ணீரில் கிடைத்தது நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடம் இருக்கிறதே! எங்கள் நைனா கட்டுமரம், அப்புறம் ஃபைபர் போட் என்று காலமெல்லாம் கடலில் இருந்தவர். 'உள்ளே என்ன இருக்குன்னு வலை சொல்லும்' என்பார். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. நான் மீனைக் கூடையில், ஐஸில், ஏலத்தில் பார்த்தவன். அங்கே கிளிமீன் ஒன்று பாறையைக் கடிக்கிறது, 'கறுக் கறுக்' என்று முறுக்கு தின்கிற சத்தம் காதில் நன்றாகக் கேட்கிறது. துடுப்பு நுனியில் மை தொட்டாற்போல் கறுப்பு வைத்த சுறாக் குட்டி ஒன்று என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. கிலோ என்ன விலை என்று மனசு கணக்குப் போட்டதை மறைக்க மாட்டேன்.

ஒரே வருத்தம், வழிகாட்டியே 'களைத்தால் பாறைமேல் நில்லுங்கள்' என்றார். நிற்காதீர்கள்.

எண்ணூர் அக்கா:
மீசை தம்பி 'நீச்சலை விடுங்கள்' என்பதை நான் ஒப்ப மாட்டேன். ஜாக்கெட் மிதக்க வைக்கும், நீரோட்டத்தில் இழுத்துப் போவதைத் தடுக்காது. இன்னும் நேரமிருக்கிறது, மெரினா நீச்சல் குளத்தில் கொஞ்ச நாள் பழகுங்கள் சார். அன்றைக்கு வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பையன் உங்களோடு அல்ல, அவரோடு. நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டால் இருவருக்கும் ஆபத்து.

மாஸ்க்குக்குள் கண்ணாடி போட முடியாது. பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாயில் 2021 முதல் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். பவளம் கல் மாதிரித் தெரிந்தாலும் மேலே இருப்பது உயிருள்ள மெல்லிய தோல். மிதித்தால் அந்த இடம் செத்துவிடும், உங்கள் காலும் கிழியும். கரையில் ஒதுங்கிய வெள்ளைத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். கல்பவளம் நம் வனவிலங்குச் சட்டத்தில் 2001 முதல் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கிறது.

ராயபுரத்து அப்பா:
நன்றி அக்கா, நன்றி மீசை. நீச்சல் வகுப்பு விசாரிக்கிறேன். நேற்று அண்டா வைத்துப் பார்த்தேன். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தேன், பையன் ஏழு. மனைவி கோயில் டிக்கெட் எடுத்துவிட்டாள், 'நீங்கள் ரெண்டு பேரும் பத்திரமா வரணும்னு அங்கே வேண்டிக்கிறேன்' என்றாள். இப்போது அண்டாவை எப்போது கழுவித் தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.