புதுப்பிப்பு: முன்பள்ளி வாசலுக்குத் தடுப்புத் தூண்கள்

வெள்ளவத்தையில் எங்கட முன்பள்ளி வாசலில் வாகனம் ஏறாமலிருக்க எந்தத் தூண் நல்லது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

தரையில் போல்ட் அடித்து நிறுத்தும் அலங்காரத் தூண் வேண்டாமென்று முடிவெடுத்தோம். அது எல்லையைக் காட்டும், வேகமாக வரும் வாகனத்தை மறிக்காது. மோதலைத் தாங்குவதில் தூணின் பருமனைப் போலவே நிலத்துக்குள் இருக்கும் அத்திவாரமும் முக்கியம். எம்30 என்ற மோதல் தாங்கும் தரத்துக்கான தூணைச் சோதிப்பது 6,800 கிலோ லொறியை மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றரில் மோதவிட்டு! பிள்ளைகள் நிற்கிற இடம், இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

தூண்களுக்கு இடையில் இடைவெளி 1.2 மீற்றருக்கு மேல் போகாது. சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். கடற்காற்றில் துருப்பிடிக்காமலிருக்க நாகமுலாம் (சிங்க்) பூசியதையே கேட்டிருக்கிறோம். தோண்டுமுன் தண்ணிக் குழாய், கேபிள் எங்கே போகிறதென்று பார்க்கவேணும். குறுக்கே இருந்தால் ஆழம் குறைந்த, அகலமான அத்திவாரம்தான்.