வளித்தடை செய்மதியின் கதியைக் கூட்டுமா?

கேள்வி – உயர்தர மாணவன், திருகோணமலை
நேற்று மாலை டச்சு விரிகுடாக் கரையில் நின்றபோது, சர்வதேச விண்வெளி நிலையம் தென்மேற்கில் எழுந்து, ஐந்து நிமிடங்களுக்குள் சுவாமி மலைப் பக்கமாக மறைந்ததைப் பார்த்தேன். அது பறக்கும் 400 கிலோமீற்றர் உயரத்திலும் சிறிதளவு வளி உண்டென்றும், அதன் தடையால் செய்மதி கீழிறங்குமென்றும், இறங்கிய பின் முன்னைவிட வேகமாகச் சுற்றுமென்றும் படித்தேன். தடுக்கும் விசை எவ்வாறு கதியைக் கூட்டும்?

பதில் – ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், உப்புவெளி
தம்பி, அந்த உயரத்தில் ஈர்ப்பு இல்லையென்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தரையிலுள்ளதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் அங்கும் இருக்கிறது. நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் செக்கனுக்கு 7.67 கிலோமீற்றர் கதியில் பக்கவாட்டில் ஓடுவதால், அது விழும் அளவுக்குப் பூமியும் வளைந்து விலகுகிறது. 300 கிலோமீற்றரில் ஈர்ப்புச் சற்று வலுப்பதால், வட்டப் பாதையில் நிற்க 7.73 தேவை. உங்கள் கேள்விக்கு விடை சக்திக் கணக்கில் இருக்கிறது. 400 இலிருந்து 300 இற்கு இறங்கும் ஒவ்வொரு கிலோகிராமும் 0.88 மெகாயூல் அழுத்தசக்தியை இழக்கிறது. அதில் பாதி இயக்கசக்தியாகிறது, மறுபாதியை வளித்தடை வெப்பமாக்கிவிடுகிறது. ஆகவே மொத்தச் சக்தி குறைய, கதி கூடுகிறது.

பதில் – வாசகர், நிலாவெளி
வளித்தடை என்றும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சூரியச் செயற்பாடு மிகும்போது மேல்வளிமண்டலம் சூடாகி விரிகிறது. 2022 பெப்ரவரியில் சுமார் 210 கிலோமீற்றர் உயரத்தில் விடப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் பெரும்பாலானவை, காந்தப் புயலொன்றால் அங்கு வளி அடர்ந்ததால், மேலெழ முடியாமல் எரிந்துபோயின. நம் நாட்டின் முதற் செய்மதியான இராவணா-1, 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்தே விடப்பட்டது. உந்துகருவி இல்லாத அந்தச் சிறு பெட்டி 2021 இல் வளிமண்டலத்துக்குள் விழுந்து முடிந்தது. நிலையமோ அவ்வப்போது உந்தப்பட்டு உயர்த்தப்படுவதால்தான் தப்பி நிற்கிறது.

பதில் – கேள்வி கேட்ட மாணவன்
நன்றி ஐயா. சக்திக் கணக்கு விளங்கிய பின் விசைகளை வரைந்து பார்த்தேன். பாதை முழு வட்டமாக இல்லாமல் மிகச் சிறிதளவு உள்நோக்கிச் சாய்வதால், ஈர்ப்பின் ஒரு கூறு இயங்கும் திசையிலேயே விழுகிறது. கணக்கிட்டால் அக்கூறு வளித்தடையின் இரு மடங்காக வருகிறது. நான் இதுவரை ஈர்ப்பை எப்போதும் பாதைக்குச் செங்குத்தாகவே வரைந்து வந்திருக்கிறேன்.