வர்ஜில் எக்ஸ்னர்: டெயில் ஃபின் மட்டும்தானா?

கேள்வி:
கிறைஸ்லர் கார்களை வடிவமைத்த எக்ஸ்னர் பேரை எடுத்தாலே எல்லாரும் டெயில் ஃபின்னோடு (காரின் பின்பக்கம் துடுப்புபோல் எழும் தகடு) நிறுத்திவிடுகிறார்கள். கிறைஸ்லரின் 1957 பிளைமவுத் காரின் அழகு ஃபின்னில்தான் இருக்கிறதா? அது ஏன் அவ்வளவு சீக்கிரம் துருப்பிடித்தது? 1962இல் அந்தக் கார்களின் விற்பனை சரிந்ததற்கும் அவர்தான் காரணமா?

பதில் 1:
படத்தில் ஃபின்னைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள், அழகு அப்படியே நிற்கும். மெல்லிய கூரை, பெரிய கண்ணாடி, தரையோடு ஒட்டிய உடம்பு. வண்டி தாழ்வாக அமைய, முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நீளவாக்கில் படுத்திருக்கும் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் எஃகுத் தண்டு) போட்டார்கள். சக்கரமும் 15 அங்குலத்திலிருந்து 14 ஆனது. தொப்பியோடு நிமிர்ந்து உட்கார இடம் வேண்டும் என்று அதன் தலைவர் கே.டி. கெல்லர் உயரமாகவே கார் கட்டிய கிறைஸ்லர் இது! 1949இல் அங்கே சேர்ந்த எக்ஸ்னர், இத்தாலியின் டூரினில் கியா என்ற கார் உடம்பு கட்டும் பட்டறையில் கே-310 போன்ற மாதிரி வண்டிகளைச் செய்யவைத்துத்தான் மேலிடத்தின் மனதை மாற்றினார்.

பதில் 2:
துருவுக்குக் காரணம் வரைபடம் அல்ல, அவசரம். போதிய சோதனை இல்லாமல் உற்பத்திக்குப் போனது. ஹெட்லைட்டுக்கு மேலே ஃபெண்டரின் உள்பக்கம் சேறு அப்பிக்கொள்ளும். ஈரம் காயாமல் தகடு உள்ளிருந்தே அரிக்கும். டார்ஷன் பாரின் பின்முனைக் குழிக்குள் தண்ணீரும் மண்ணும் இறங்கும். அங்கே விழும் துருப்புள்ளியிலிருந்துதான் விரிசல் ஓடி, பார் முறியும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். பாரைக் கழற்றினால் இடதையும் வலதையும் மாற்றிப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் தன் பக்கத்துத் திசை முறுக்கத்துக்கு மட்டுமே பதப்படுத்தியது. உயரத்தைச் சரிசெய்யும் போல்ட்டைத் திருகியதும் முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு அளவெடுங்கள், இல்லாவிட்டால் தப்பான அளவுதான் கிடைக்கும்.

பதில் 3:
1962 பழியை அவர்மேல் போடுவது அநியாயம். போட்டிக் கம்பெனியான செவர்லேயின் கார் சிறிதாகப் போகிறது என்று காதில் விழுந்ததை நம்பி, வண்டியைச் சுருக்கச் சொன்னவர் கிறைஸ்லரின் மேலதிகாரி வில்லியம் நியூபெர்க். செவர்லே கொண்டுவந்ததோ, பெரிய காரோடு கூடுதலாக செவி II என்ற சிறிய கார். பிளைமவுத்தின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 118லிருந்து 116 அங்குலமானது. பெரிய உடம்புக்கு வரைந்த வளைவுகளைச் சிறிய உடம்பில் திணித்தால் முகம் கோணத்தானே செய்யும்? எக்ஸ்னர் எதிர்த்தார், எடுபடவில்லை. 1961இலேயே அவர் இடத்துக்கு ஃபோர்டிலிருந்து எல்வுட் எங்கல் வந்துவிட்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஸ்டூடிபேக்கர் கம்பெனியின் 1947 கார், வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியுடையது என்கிறார்களே?

பதில் 3:
புகழ் லோவிக்குப் போனது, உடம்பை வடித்தவர் எக்ஸ்னர். 1944இல் லோவி அவரை வேலையைவிட்டு நீக்கியதும் ஸ்டூடிபேக்கரே நேரடியாகச் சேர்த்துக்கொண்டது.