ஏற்காடு வந்ததும் பேஸ் கிட்டாரில் கரகர சத்தம்: எந்தத் திருகைத் தொடுவது?

கேள்வி (ஏற்காடு)

அண்ணன்மார்களே, ஓர் உதவி. என்னுடையது நான்கு ஸ்ட்ரிங் பேஸ், 34 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்). சேலம் வீட்டில் ஐந்து வருடம் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. ஜூனில் வேலை மாறி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வந்தேன். மழை, மூடுபனி, துணி காயவே நாலு நாள் ஆகிறது. இப்போது இ ஸ்ட்ரிங்கில் (இருப்பதிலேயே தடிமனானது) முதல் நான்கு ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்குக் கம்பிகள்) எதை அழுத்தினாலும் கரகரக்கிறது. 12க்கு மேலே சுத்தமாக இருக்கிறது. உடம்புப் பக்கம் ஸ்ட்ரிங் முடியும் பிரிட்ஜில், ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலை ஏற்றிப் பார்த்தேன். விரல் வலிக்கும் அளவுக்கு ஸ்ட்ரிங் உயர்ந்துவிட்டது, சத்தம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்க வேண்டும்.

பதில் (ஓமலூர்)

ஸ்ட்ரிங் பழசாகியிருக்கும். கனமான செட் போடுங்கள்.

பதில் (சேலம், செவ்வாய்ப்பேட்டை)

தம்பி, இப்போதைக்கு ஸ்ட்ரிங் வாங்க வேண்டாம். சத்தம் வரும் இடத்தைப் பாருங்கள். மேல் ஃப்ரெட்டுகளில் வந்தால் சேடில் தாழ்வு. திறந்த ஸ்ட்ரிங்கில் மட்டும் வந்தால் நட் (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) பள்ளம் ஆழம். முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் வந்தால் பெரும்பாலும் நெக் (கிட்டாரின் நீண்ட கழுத்து) பின்பக்கம் வளைந்திருக்கும். அங்கே சேடிலை எவ்வளவு ஏற்றினாலும் பெரிய மாற்றம் தெரியாது.

முதலில் ட்யூன் செய்து, வாசிக்கிற நிலையிலேயே மடியில் வையுங்கள். இ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7, 8ஆவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்குக்கு அடியில் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். பைக் மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சாதா ஏ4 தாள் மூன்றை அடுக்கிச் செருகிப் பாருங்கள், ஏறக்குறைய அதே கனம்தான்.

இடைவெளியே இல்லை என்றால் டிரஸ் ராடைத் (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) தளர்த்த வேண்டும். ஸ்ட்ரிங்குகள் நெக்கை முன்னால் இழுக்கின்றன, அந்தக் கம்பி பின்னால் இழுக்கிறது. சரியாகப் பொருந்தும் ஆலன் கீ மட்டும் போடுங்கள். இடஞ்சுழியாகக் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். மறுபடி ட்யூன் செய்து இரவு முழுக்க விடுங்கள். திருகு இறுக்கிப் பிடித்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், ராடு முறிந்தால் நெக்கே போச்சு. ஓமலூர்க்காரர் சொன்ன கனமான ஸ்ட்ரிங், ராடை முழுக்கத் தளர்த்தியும் வளைவு நிமிராவிட்டால்தான்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, ஒரு தாள்கூட நுழையவில்லை! கால் சுற்று தளர்த்தினேன். காலையில் இரண்டு தாள் போனது. இன்னும் அரைக்கால் சுற்று, மறுநாள் மூன்றும் போனது. கரகரப்பு நின்றுவிட்டது. சேடிலையும் இறக்கி, 17ஆவது ஃப்ரெட்டில் இ ஸ்ட்ரிங்கை 2.5 மி.மீ. உயரத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் 12இல் அழுத்தினால், அங்கேயே லேசாகத் தொட்டு மீட்டும் ஹார்மானிக்கைவிடச் சுருதி கொஞ்சம் ஏறி நிற்கிறது.

பதில் (சேலம், செவ்வாய்ப்பேட்டை)

உயரம் மாறினால் அப்படித்தான் வரும். ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு சேடிலைப் பின்னால், நெக்கை விட்டு விலகும் பக்கம் நகர்த்துங்கள். சுருதி இறங்கி நின்றால் முன்னால். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ட்யூன் செய்துவிட்டே பாருங்கள். அப்புறம், மழை முடிந்து காற்று காய்ந்ததும் அந்த மூன்று தாளை ஒருமுறை மறுபடி செருகிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

சேடில் திருகில் இரண்டு சுற்று பின்னால் போனதும் ட்யூனர் முள் நடுவில் நின்றுவிட்டது. மூன்று தாளையும் கிட்டார் பையிலேயே வைத்துவிட்டேன் அண்ணா. ரொம்ப நன்றி.