ஒழுங்கைத் தோட்டக் குழு, கல்லடி, மட்டக்களப்பு

மூலைவீட்டு மாமி: விடிய 6 மணிக்குப் போனேன். கிணற்றடிப் பக்கம் செடி வைத்த மூன்று உரப்பையிலும் வெண்டிக்காய் ஒன்றும் இல்லை. நேற்று எண்ணி வைத்தது, 14 காய். யாருகா பறித்தது?

ஆட்டோ தம்பி: ஆடாக இருக்கும் மாமி

மூலைவீட்டு மாமி: ஆடு காம்பை நகத்தால் கிள்ளுமா?

சங்கத் தலைவி: விடிந்ததும் சண்டை வேண்டாம். எடுத்தவர் சொன்னால் சரி.

தையல் அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மூலைவீட்டு மாமி: என்ன மகள் அழித்தாய்?

தையல் அக்கா: நான்தான் மாமி. அவருக்கு ஒரு கிழமையாக மேசன் வேலை இல்லை. இரவு பிள்ளைகளுக்குப் பால்கறி வைத்தேன். கேட்க வெட்கமாக இருந்தது.

மூலைவீட்டு மாமி: அதற்கு டோர்ச் அடித்துக்கொண்டு போவதா? விட்டிருந்தால் முற்றித்தான் போயிருக்கும். மறுகா பறித்தால் குழுவில் ஒரு சொல் போடு.

ஆட்டோ தம்பி: மிச்சத்தை விற்றால் கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனுக்காவது உதவுமே?

சங்கத் தலைவி: இருபது உரப்பையில் கடன் அடையுமா தம்பி? மரக்கறிக்குக் கடையில் கொடுக்கிற காசு வீட்டில் நின்றாலே பெரிது. மிஞ்சினால் விற்போம்.

மூலைவீட்டு மாமி: 2022 நெருக்கடியில் அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். நமக்கு லீவும் இல்லை, வளவும் இல்லை. பை மட்டும் இருந்தது 😄

கேம்பஸ் தங்கச்சி: கியூபாவிலும் இப்படித்தான் மாமி. 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெயும் உரமும் வராமல் போக, ஹவானாவில் வெறுங்காணிகளில் பாத்தி கட்டி, எருமண் நிரப்பி மரக்கறி போட்டார்கள்.

மூலைவீட்டு மாமி: அங்கேயும் கிணறு உவரா?

கேம்பஸ் தங்கச்சி: 🙈

கேம்பஸ் தங்கச்சி: கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பயிற்றை இலை ஓரம் கருகுகிறது, படம் போட்டிருக்கிறேன். கீரை மட்டும் தாக்குப் பிடிக்கிறது. கிணற்றுத் தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள்.

சங்கத் தலைவி: குழாய்த் தண்ணீர் என்றால் பில் யார் கட்டுவது?

தையல் அக்கா: அரிசி, மரக்கறி கழுவுகிற தண்ணீரை எல்லா வீட்டிலும் வாளியில் சேர்த்து வையுங்கள். பின்னேரம் நான் வந்து எடுக்கிறேன்.

மூலைவீட்டு மாமி: சோப்புத் தண்ணீர் கலக்காதீர்கள். பைக்கு அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டை போட்டவர்கள் ஒரு நேரம் ஊற்றினால் போதும். வெறும் மணல் நிரப்பிய ஆட்டோ தம்பி இரண்டு நேரமும் சுமக்கட்டும்.

ஆட்டோ தம்பி: என்னுடைய வாளி ஓட்டை மாமி

மூலைவீட்டு மாமி: என்னுடையதைத் தருகிறேன். வாற வழியில் மாட்டெரு ஒரு பை ஏற்றிக்கொண்டு வா.