நெருப்புக் கோப்பையில் சீட்டை இட்ட கை எவருடையது?

வேலந்தாவளம் டீச்சர்

ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் நூலைப் பற்றிக் கேரளத்துச் சித்தூரின் ஆதாரமெழுத்தர் ஐயா நேற்று இங்கே எழுதிய ஒரு வரி என்னை இரவெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. "ஹாரி அந்தப் போட்டியில் இறங்க வேண்டிய கட்டாயமே இல்லை; பெரியவர்கள் சேர்ந்து ஒரு பிள்ளையைக் காவு கொடுக்கத் துணிந்தார்கள்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஹாக்வார்ட்ஸ், போபாட்டன்ஸ், டர்ம்ஸ்ட்ராங் என்னும் மூன்று மந்திரப் பள்ளிகளுக்கு இடையே முன்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த போட்டி, உயிரிழப்பு மிகுந்ததால் நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்து, மீண்டும் தொடங்கப்படுகிறது. 17 வயது நிறைந்த மாணவர்கள் தம் பெயரையும் பள்ளியையும் சீட்டில் எழுதி நெருப்புக் கோப்பையில் இட வேண்டும். கோப்பை பள்ளிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். மூன்று பெயர்கள் வந்து முடிந்த பிறகு, எவரும் எதிர்பாராத வகையில் 14 வயது ஹாரியின் பெயர் நான்காவதாக வந்து விழுகிறது. அமைச்சக அதிகாரி கிரௌச் அங்கேயே விதியைச் சொல்கிறார்: கோப்பையிலிருந்து எவர் பெயர் வெளிவருகிறதோ அவர் போட்டியிடக் கட்டுப்பட்டவர்.

வெளிவந்த பெயர், ஐயா. என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அந்தப் பையனை ஏன் டீச்சர் யாரும் தடுக்கவில்லை?" என்று கேட்டபோது நான் சொன்ன விடையும் இதுதான். கட்டு விழுந்துவிட்டது. பெரியவர்கள் மேல் பழி போடுவது நியாயமன்று.

சித்தூர் ஆதாரமெழுத்தர்

டீச்சர் அவர்கள் கிரௌச்சை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தலைமையாசிரியர் டம்பிள்டோரை வெளியே நிறுத்திவிட்டார். கோப்பையைக் காட்டி மாணவர்களை எச்சரிக்கும்போது டம்பிள்டோர் என்ன சொல்கிறார்? கோப்பையில் பெயரை இடுவதுதான் கட்டுப்படுத்தும் மந்திர ஒப்பந்தம் என்கிறார். இடுவது, டீச்சர். ஹாரி இடவில்லை. மூடி என்னும் ஆசிரியரின் உருவத்தில் ஒளிந்திருந்த, அதிகாரி கிரௌச்சின் மகனான இளைய கிரௌச் கோப்பையை மயக்கி, நான்காவதாக ஒரு பள்ளி இருப்பதாக நம்பவைத்து, அந்தப் பள்ளியின் பேரில் ஹாரி ஒருவன் பெயரை மட்டும் இட்டான். கை அவனுடையது. கட்டு விழ வேண்டுமானால் அவன்மேல் விழுந்திருக்க வேண்டும்.

31 ஆண்டுகள் சப் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத் திண்ணையில் அமர்ந்து, சொத்தைக் கைமாற்றும் எழுத்தாகிய ஆதாரம் எழுதியவன் நான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரின் இடது பெருவிரலைப் பிடித்து, மைத்தட்டில் நகத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை உருட்டி, ரேகை கலையாமல் தாளில் பதிய வைத்தவன். கிணற்றடி மண்ணும் சாணமும் ஏறிய விரலில் ரேகை தெளிவாக விழாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து மறுபடியும் வைப்போம். அவ்வளவு பாடு எதற்காக? கை எவருடையது என்பதில் நாளைக்கு ஐயம் வரக்கூடாது என்பதற்காக. அந்தத் திண்ணையில் இருந்தவனிடம் வந்து, "பெயர் வெளியே வந்தால் போதும்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

மேலும் அவன் மைனர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மைனருக்கு ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லை என்னும் 11ஆம் பிரிவைப் படியுங்கள். 1895இல் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்னும் மைனர் 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்தான். 1903இல் அந்நாளின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதைத் தொடக்கத்திலிருந்தே செல்லாத ஒப்பந்தம் என்று தள்ளியது. கையெழுத்துப் போட்ட மைனருக்கே அந்த நிலை என்றால், கையெழுத்தே போடாத ஹாரி எப்படிக் கட்டுப்படுவான்?

மீனாட்சிபுரத்தான்

ஸ்காட்லாந்து மலையில் இருக்கும் மந்திரப் பள்ளிக்கு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போன முதல் ஆள் ஐயாவாகத்தான் இருப்பார். பத்திரம் எழுதிய பழக்கம் அவரை விடவில்லை.

இருவரும் தேவையில்லாமல் மோதிக்கொள்கிறீர்கள் என்பது என் கருத்து. கட்டுப்பட்டான் என்றே வைத்துக்கொள்வோம். எதற்குக் கட்டுப்பட்டான்? களத்தில் போய் நிற்பதற்குத்தானே? இரண்டாம் சுற்றில் ஏரிக்குள் இறங்கிய போபாட்டன்ஸ் மாணவி ஃப்ளோர், நீர்ப்பேய்கள் தாக்கியதால் தன் தங்கையை மீட்காமலேயே திரும்பிவிட்டாள். அவளுக்கும் 25 மதிப்பெண் கொடுத்தார்கள். ஒப்பந்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஹாரியும் முதல் சுற்றில் டிராகன் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வெளியே நடந்திருக்கலாமே.

சித்தூர் ஆதாரமெழுத்தர்

மீனாட்சிபுரத்துத் தம்பிக்கு முதலில் ஒரு சொல். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஆதாரம். பத்திரம் என்பது எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் வழங்கும் சொல். என் தொழிலின் பெயரை எனக்கே திருத்திக் கொடுக்க வேண்டாம்.

ஃப்ளோர் தன் கையால் பெயரை இட்டவள். அவள் எவ்வளவு தூரம் போனாள் என்பது வேறு பேச்சு. ஹாரியின் பெயரை இட்ட கை எவருடையது என்பதற்கு இதுவரை இங்கே ஒருவரும் விடை சொல்லவில்லை.

வேலந்தாவளம் டீச்சர்

விடை நூலிலேயே இருக்கிறது, எவரும் மறுக்கவில்லை. இட்டது இளைய கிரௌச். ஆனால் அந்தக் கை எவருடையதானாலும் கட்டு விழும் என்பதே நான் சொல்வது. அன்றிரவு டர்ம்ஸ்ட்ராங் தலைவர் கார்க்கரோஃப், எல்லோரும் பெயரை மீண்டும் இடட்டும் என்று சண்டை பிடிக்கிறார். கோப்பை அணைந்துவிட்டது, அடுத்த போட்டி வரை மீண்டும் எரியாது என்று இன்னொரு அமைச்சக அதிகாரியான பேக்மன் பதில் சொல்கிறார். டம்பிள்டோரும், இதை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் முடிக்கிறார். ஐயா கூண்டில் ஏற்றிய அதே டம்பிள்டோர்.

கை போடாதவன் கட்டுப்பட மாட்டான் என்று சித்தூரில் இருந்துகொண்டு சொல்ல ஐயாவுக்கு எப்படி மனம் வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஆற்றுநீர் ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே நடைமுறைக்கு வந்ததாக எழுதப்பட்டது. அதில் என் தந்தை கை வைக்கவில்லை. நான் அப்போது பிறக்கவே இல்லை. இருந்தும் மணக்கடவு தடுப்பணையில் நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று அன்று எழுதிய எண்தான், இன்றைக்கு எங்கள் வயலில் இரண்டாம் போகம் உண்டா இல்லையா என்பதைச் சொல்கிறது. சித்தூர்ப் புழையில் தண்ணீர் வராத ஆண்டில் ஐயா போய், "இட்ட கை என்னுடையதன்று" என்று மதகின் முன் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

மீனாட்சிபுரத்தான்

தண்ணீர் வராத ஆண்டு என்று டீச்சர் எழுதுவதை என்னால் சும்மா விட முடியாது. ஆழியாற்றிலிருந்து மணக்கடவுக்கு விடும் தண்ணீரை இருபுறமும் அளந்துதான் எழுதுகிறார்கள். என் உறவினர்கள் ஆனைமலையில் தென்னை வைத்திருக்கிறார்கள். கோடையில் அவர்கள் வாய்க்காலும் காய்கிறது. இதே இடத்தில் சென்ற கோடையிலும் டீச்சர் இப்படித்தான் எழுதினார். அப்போது நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

வேலந்தாவளம் டீச்சர்

அப்போது நீங்கள் கேட்டது கேள்வியே அன்று, ஏச்சு. அதனால்தான் பதில் எழுதவில்லை.

கொல்லங்கோட்டு வாசகி

சண்டைக்கு நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆதாரமெழுத்தர் ஐயாவின் சட்டம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பெயர் மனிதரை எப்படிக் கட்டுகிறது என்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் சீட்டுப் பிடிக்கும் ஒரு குறிக் கம்பெனியில், குலுக்கலில் நறுக்கு விழுந்து பணம் எடுத்த ஒருவர், என் தந்தைக்குத் தெரியாமல் அவர் பெயரை ஜாமீனாக எழுதிவிட்டார். ஆள் ஊரை விட்டுப் போன பிறகுதான் எங்களுக்கே தெரியும். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வசூல்காரர் வந்து, சைக்கிளைத் திண்ணையில் சாய்த்துவிட்டு, கக்கத்திலிருந்த நீண்ட பேரேட்டை விரித்து, என் தந்தையின் பெயர் இருந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டுவார். அது அப்பாவின் கையெழுத்தே அன்று; அவர் பெயரின் முதலெழுத்தைக்கூட அதில் பிழையாகப் போட்டிருந்தார்கள். இருந்தும் அப்பா இரண்டு ஆண்டு கட்டினார். கட்டாவிட்டால் தெருவில் என்ன பேச்சு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

ஹாரிக்கும் அதே நிலைதான். அவன் பெயரை இடவில்லை என்று சொன்னபோது உயிர்த்தோழன் ரானே நம்பவில்லை. அவன் எதிரிகள் சட்டையில் வில்லை குத்திக்கொண்டு அலைந்தார்கள். அதோடு, போட்டியை அறிவித்த நாளில் ஹாரியும் படுக்கையில் கிடந்தபடி, தானே வீரனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு எல்லோர் முன்னும் நிற்பதாகக் கனவு கண்டவன்தான். மனத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் அவனுக்கும் ஆசை இருந்தது. கையைப் பற்றியே பேசுகிறவர்கள் அந்த மனத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சித்தூர் ஆதாரமெழுத்தர்

அம்மா, உங்கள் தந்தை கட்டியது அவருடைய பெருந்தன்மை. கட்ட வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அன்றைக்கு என்னிடம் வந்திருந்தால் ஒரே ஒரு வக்கீல் நோட்டீஸில் அந்தப் பேரேட்டை மூட வைத்திருப்பேன். பொய்க் கையெழுத்துக்குப் பயந்து பணம் கட்டுகிறவர்கள் இருக்கும்வரை பொய்க் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள்.

கனவு கண்டதைக் குற்றம் என்று எந்த நாட்டிலும் எழுதவில்லை. இரட்டையர்களான ஃபிரெட்டும் ஜார்ஜும் கனவோடு நிற்காமல், வயதைக் கூட்டும் மருந்தைக் குடித்துவிட்டு 17 வயது நிறையாதவர் கோப்பையை நெருங்காதபடி டம்பிள்டோர் தரையில் போட்ட வயதுக் கோட்டைத் தாண்டினார்கள். கோடு அவர்களைத் தூக்கி வெளியே எறிந்தது, வெள்ளைத் தாடி முளைத்ததுதான் மிச்சம். ஹாரி அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை.

இனி எல்லோரும் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தை இங்கே எவரும் தொடவே இல்லை. அன்றிரவு அந்த அறையில், "ஒப்பந்தம் கட்டிவிட்டது, அவன் போட்டியிட்டே ஆக வேண்டும்" என்று உறுமுகிறவர்களில் ஒருவர் மூடி. மூடி எவர்? சீட்டை இட்ட அதே இளைய கிரௌச். பொய் ஆதாரத்தை எழுதியவனே ரெஜிஸ்ட்ரார் மேசைக்கு முன் வந்து நின்று, "எழுதியது எழுதியதுதான், மாற்ற முடியாது" என்று அடித்துப் பேசுவதை என் தொழிலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படிப் பேசுகிறவனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அமைச்சக அதிகாரி இருவர், தலைமையாசிரியர் மூவர், அத்தனை பேராசிரியர்கள். ஒருவருக்காவது, "சீட்டைக் கொண்டுவாருங்கள், எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்று கேட்கத் தோன்றியதா? கருகிய அந்தச் சீட்டு டம்பிள்டோரின் கையிலேயே இருந்தது. நவம்பர் 24இல் பையன் டிராகன் முன் நிற்க வேண்டும் என்று தெரிந்தும் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. இதைத்தான் காவு என்றேன்; இன்னமும் அப்படித்தான் சொல்வேன்.

கொல்லங்கோட்டு வாசகி

என் தந்தை பயந்தவர் அல்லர். இறந்து ஒன்பது ஆண்டு ஆகிவிட்ட ஒருவரைப் பற்றி அப்படி எழுதியதை ஐயா திரும்பப் பெற வேண்டும்.

வேலந்தாவளம் டீச்சர்

மூடியைப் பற்றி ஐயா சொன்னது உண்மை. ஆனால் அதனால் என்ன ஆகிவிட்டது? பொய்யன் சொன்ன காரணத்தால் விதி பொய்யாகிவிடாது. விதியை அவனுக்கு முன்பே மூத்த கிரௌச் சொல்லியிருந்தார். அவர் அந்தச் சூழ்ச்சியில் தாமாக விரும்பிப் பங்கெடுத்தவர் அல்லர். அவர் சொன்னது வெளிவந்த பெயர். இதையே எத்தனை முறை எழுதுவது?

கொல்லங்கோட்டு வாசகியிடம் ஐயா மன்னிப்புக் கேட்டுக்கொள்வதும் முறை.

சித்தூர் ஆதாரமெழுத்தர்

பயந்து கட்டுகிறவர்கள் என்று நான் பொதுவாக எழுதினேனே தவிர, அந்தப் பெரியவரைக் குறித்து எழுதவில்லை. பெருந்தன்மை என்று எழுதிய சொல்லும் மேலேயே இருக்கிறது, படித்துப் பார்க்கலாம்.

டீச்சர் எத்தனை முறை எழுதினாலும் நானும் அத்தனை முறை எழுதுவேன். மூத்த கிரௌச் சொன்னது விதியின் பின்பாதி. பெயரை இட்டவனின் பெயர் வெளிவந்தால் அவன் கட்டுப்பட்டவன் என்றுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் படிப்பவரிடம் நான் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட ஆதாரம் எழுதித் தர மாட்டேன். உங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். அவளுக்கு நீங்கள் தந்தது தவறான விடை.

வேலந்தாவளம் டீச்சர்

என் வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை அந்த மாணவியிடம் கிரௌச் பேசும் பக்கத்தையே திறந்து கொடுக்கப் போகிறேன்.

சித்தூர் ஆதாரமெழுத்தர்

டம்பிள்டோர் பேசும் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இட்ட கை எவருடையது என்று அவளே கேட்பாள்.

மீனாட்சிபுரத்தான்

மணக்கடவைப் பற்றி நான் எழுதியதற்கு டீச்சர் இன்னமும் ஒரு வரிகூடப் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.